பச்சை விளக்கும் குறைந்த கூலியும்

பெரிய ஸ்தாபனங்களில் இரவுதோறும் ஆள் தொடாமல் நடந்தேறும் கணக்குப் பணிகளை வரிசைப்படுத்தி ஓட்டுகிற பழைய ஷெட்யூலரை அகற்றிவிட்டுப் புதியதொன்றை அமர்த்துவது, கம்ப்யூட்டர்ப் பிரிவினர் தமக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய சாதாரண விவகாரம் என்றும், பழையதில் பதிந்துள்ள வேலை விவரங்களைப் புதியதன் பாஷைக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றை வாங்கிவிட்டால் முக்கால்வாசிக் காரியம் முடிந்தது என்றும், மிச்சத்தை ஒரு சனி ஞாயிறில் முடித்துத் திங்கட்கிழமை காலையில் புதுக்கணக்குப் போட்டுவிடலாம் என்றும், இதற்குக் குறுக்கே வந்து நிதானம் பேசுகிறவர்கள் மாறுதலுக்கு அஞ்சும் பழைய ஆட்களே என்றும் ஓர் அபிப்பிராயம் நம் கம்பெனி நிர்வாகிகளிடையே வேரூன்றிவிட்டது. மென்பொருளை விற்க வருகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆலோசனை கூற வருகிறவர்கள் வழிமொழிகிறார்கள். இயக்குநர் குழு கேட்டுத் தலையசைத்துக் கையெழுத்திடுகிறது. இந்த அபிப்பிராயம் அடியோடு தவறானது என்பதும், அத்தவற்றின் பலனை அனுபவிக்கிறவர்கள் அதைச் சொன்னவர்களாக இராமல் எங்கோ ஒரு மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறவர்களாக இருப்பதால் அது அநீதியானதும் ஆகும் என்பதுமே என் கட்சி.

மாற்றமே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. முப்பது வருஷங்களுக்கு முன் வாங்கிய பெரும் யந்திரங்களின்மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஷெட்யூலர்களுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். கணக்குகள் பலவும் வாடகைச் சர்வர்களுக்குப் பெயர்ந்துவிட்ட பிறகு அவற்றை ஓட்டும் ஒழுங்கு மட்டும் பழைய இடத்திலேயே கிடப்பது நெடுநாள் நடவாது. ஆகவே மாறித்தான் ஆகவேண்டும். எவ்விதம் மாறுவது என்பதில்தான் வழக்கு.

ஷெட்யூலர் எதைச் செய்கிறது என்பதை இத்தொழிலில் இல்லாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ், சிஏ-7, ஐபிஎம் வொர்க்லோடு ஷெட்யூலர் என்று பல பெயர்களில் விற்கப்படும் இவை எல்லாவற்றின் தொழிலும் ஒன்றே. இன்ன வேலை இன்ன மணிக்குத் தொடங்க வேண்டும், இன்ன வேலை முடிந்த பின்னரே அடுத்தது புறப்பட வேண்டும், வங்கி விடுமுறை நாளில் எது நிற்க வேண்டும், மாதக் கடைசியில் எது கூட வேண்டும், ஒன்று பழுதுபட்டால் நள்ளிரவில் யாரை எழுப்ப வேண்டும் என்ற நூற்றுக்கணக்கான, பெரிய வங்கியானால் பல்லாயிரக்கணக்கான கட்டளைகளை நினைவில் வைத்து நிறைவேற்றுவதே அது. ஒவ்வொரு வேலையையும் ‘ஜாப்’ என்பார்கள். கண்காணிப்பவர் முன்னுள்ள திரையில் ஓடி முடிந்த ஜாப் பச்சையாகத் தெரியும். முறிந்தது சிவப்பாகத் தெரியும்.

இனி வால்பாறைக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சேருகிற இந்தப் பீடபூமியில், சுமார் 220 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில், கானகத்தின் நடுவே தேயிலை விரிந்து கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காடழித்துத் தொடங்கிய எஸ்டேட்டுகள் இன்று பெருங்கம்பெனிகளின் வசத்திலும் அரசாங்கத்தின் வசத்திலும் இருக்கின்றன. முடீஸ் பகுதியில் பாம்பே பர்மா. ஐயர்பாடி, பாரளை முதலிய இடங்களில் பாரி அக்ரோ. கொயினா மரத்தின் பெயரைத் தாங்கிய சிங்கோனாவில் அரசாங்கத்தின் டான்டீ. கொழுந்து முளைப்பது வால்பாறையில். அதன் கணக்கு முடிவது மும்பையிலும் சென்னையிலும் குன்னூரிலும். இவற்றுள் எந்த ஸ்தாபனம் எந்த ஷெட்யூலரை வைத்திருக்கிறது என்பது இங்கே விஷயமன்று; யாரையும் சுட்டி நான் எழுதவுமில்லை. வேலை நடக்கும் இடத்துக்கும் கணக்கு முடியும் இடத்துக்கும் நடுவே பல காத தூரமும் ஓர் இரவும் கிடக்கும் தொழில் இது என்பதால், ஷெட்யூலர் மாற்றம் என்பது உண்மையில் யாரைத் தொடுகிறது என்பதை இங்கே நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

காலையில் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போன பெண், தான் பறித்த கொழுந்துச் சாக்கைத் தராசில் வைக்கிறாள். மழை நாளானால் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. மிச்ச எடை அவள் நம்பருக்கு நேரே ஏறுகிறது. அன்றைக்கு உரிய அளவைத் தாண்டிப் பறித்திருந்தால் தாண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. நாட்கூலி எல்லாருக்கும் ஒன்றாயிருக்க, இந்தத் தனிக் காசுதான் அவளுடைய கைவேகத்துக்கும் உடம்பு நோவுக்கும் கிடைக்கும் பிரதிபலன். மாலையில் டிவிஷன் டிவிஷனாக எடை விவரங்கள் எஸ்டேட் ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து ஒரு கோப்பாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகின்றன. அதன்பின் ஷெட்யூலரின் ராஜ்யம் தொடங்குகிறது. வருகைப் பதிவோடு எடையை ஒப்பிடும் ஜாப், நாட்கூலி போடும் ஜாப், தனிக் காசு கணக்கிடும் ஜாப், பி.எஃப். பிடிக்கும் ஜாப், பண்டிகை முன்பணத்தின் தவணையைக் கழிக்கும் ஜாப், எல்லாம் கூட்டி மாதம் ஒருமுறை வங்கிக்கு அனுப்பும் கோப்பை உண்டாக்கும் ஜாப் என்று ஒன்றன் வாலை ஒன்று பற்றிக்கொண்டு அவை போகின்றன. கோர்வையின் கடைசியில் நிற்பவள் அந்தப் பெண். கோர்வையில் எங்கே எது பிசகினாலும் அது கடைசியில் வந்து விழுவது அவள் பாஸ்புக்கில்.

கருவியொன்று எல்லாவற்றையும் மாற்றித் தந்துவிடும் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாதங்கள் யாவும் இதன் முதுகில் ஏறித்தான் வருகின்றன. கருவி வாசிப்பது எழுதப்பட்ட கட்டளைகளை. ஆனால் இருபது முப்பது வருஷம் ஓடிய ஓர் ஒழுங்கில், எழுதப்படாமலே நடைமுறையில் நிலைத்துவிட்ட நியதிகள், எழுதப்பட்டவற்றுக்குக் குறையாத தொகையில் இருக்கும். நான் அருகிருந்து அறிந்த ஒரு ஸ்தாபனத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். அங்கே பழைய யந்திரத்தில், கூலிக் கணக்குக்கென்று ஒதுக்கியிருந்த பாதையில் ஒரு சமயத்தில் ஒரே ஜாப்தான் ஓடும். நாட்கூலி முதலில் ஓடும், அடுத்துத் தனிக் காசு, அதற்கடுத்து வங்கிக் கோப்பு. இந்த வரிசைக்குக் காரணம் எவரும் எழுதிவைத்த கட்டளை அன்று. அந்த வரிசையில் அவை பதியப்பட்டிருந்தன, பாதையோ ஒற்றையடிப் பாதை, ஆகவே ஒன்றையொன்று முந்தும் மார்க்கம் இல்லை. வங்கிக் கோப்பு ஜாப்புக்கு எழுத்தில் இருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: நாட்கூலி ஜாப் முடிந்திருக்க வேண்டும்.

மாற்றுக் கருவி இந்தக் கட்டளைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் மாற்றிக் கொடுத்தது. புதிய ஷெட்யூலரில் பல பாதைகள். பல வேலைகள் ஏககாலத்தில் ஓடலாம். அது அதன் பெருமையென்றே விளம்பரப்படுத்தப்பட்டிருந்தது. முதல் மாத முடிவில், நாட்கூலி ஜாப் முடிந்த மறுகணமே வங்கிக் கோப்பு ஜாப் தன் நிபந்தனை நிறைவேறியது கண்டு புறப்பட்டுவிட்டது. தனிக் காசு ஜாப் பக்கத்துப் பாதையில் மாதம் முழுவதுக்குமான எடைகளை அப்போதுதான் வாசித்துக்கொண்டிருந்தது. மூன்றும் ஓடி முடிந்தன. மூன்றும் பச்சை. ஒரு ஜாப்பும் முறியவில்லை, ஒருவரையும் நள்ளிரவில் எழுப்ப நேரவில்லை, காலையில் மேலிடத்துக்குப் போன அறிக்கை நூற்றுக்கு நூறு வெற்றி என்றது. ஆட்களுக்கு வங்கியில் ஏறியதோ வெறும் நாட்கூலி மட்டும். மாதம் முழுவதும் மழையில் நனைந்து கூடுதலாகப் பறித்த கிலோக்களுக்கு ஒரு காசு ஏறவில்லை. அரை நாள் வேலையை விட்டு பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ப் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்தவர்கள் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டபோது, கணக்கருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தலைமை அலுவலகத்தைக் கேட்டபோது, எல்லாம் சரியாகவே ஓடியிருக்கிறது, எடையைத் தவறாக ஏற்றியிருப்பீர்கள் என்று அவர் மேலேயே பழி திரும்பியது. உண்மை வெளிப்பட்டு, விட்டுப்போன தொகை அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. அந்த ஒரு மாதத்துக்கு அவர்கள் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கொடுத்தவர் யார் என்று எந்த அறிக்கையிலும் எழுதப்படவில்லை.

இதிலே கருவியின் குற்றம் எள்ளளவும் இல்லை. எழுதியதை மாற்றுவதாகத்தான் அது வாக்களித்தது. எழுதியதே எல்லாம் என்று நம்பிய அபிப்பிராயத்தின் குற்றம் இது. ஒவ்வொரு ஜாப்பையும் கையில் எடுத்து, இது ஏன் இந்த மணிக்கு ஓடுகிறது, இதற்கு முன்னால் எது முடிந்திருந்தால்தான் இது சொல்லும் தொகை மெய்யாகும், இது உண்டாக்கும் கோப்பை யார் வாசிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்க, அதை நடத்திவரும் ஒருவர் பதில் சொல்ல, மூன்றாமவர் அதை எழுதிக்கொள்வது என்ற சலிப்பான, மெதுவான, விளம்பரத்துக்கு உதவாத வேலையைத் தவிர்த்து இந்தப் பிழையிலிருந்து தப்பும் உபாயம் வேறு இல்லை.

‘உள்ளது உள்ளபடி மாற்றிவிடுங்கள், திருத்தங்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கட்டளை பெரும்பாலும் கூடவே பிறக்கிறது. ஜாக்கிரதையின் வேஷம் போட்டு வரும் சோம்பல் இது. உள்ளதில் உயிரோடிருப்பதும் உண்டு, செத்துப்போனதும் உண்டு. கூலியை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதியையே பாருங்கள். 1936-ஆம் வருஷத்துக் கூலி வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும் என்றது. 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்போ, மாதச் சம்பளம் பெறும் எல்லாருக்கும் ஏழாம் நாள் என்றே வகுத்திருக்கிறது. பத்தாம் தேதியைக் கருதிப் பின்னப்பட்ட ஒரு ஜாப் கோர்வையை உள்ளது உள்ளபடி பெயர்த்து வைப்பவர், காலங்கடந்த ஒரு விதியைப் புதிய யந்திரத்தில் பிரதிஷ்டை செய்கிறார். வங்கி விடுமுறைப் பட்டியலும் அப்படியே. மொத்தமாகச் சம்பளம் வரவு வைக்கப் பயன்படும் நாச் என்னும் ஏற்பாடு, ரிசர்வ் வங்கியின் அறிவிப்புப்படி 2021 ஆகஸ்ட் 1 முதல் வாரத்தின் எல்லா நாட்களிலும் நடக்கிறது. அதற்கு முன்பு, ஞாயிறு வந்தால் தள்ளு, இரண்டாம் சனி நான்காம் சனி வந்தால் தள்ளு என்று எழுதப்பட்ட ஜாப்கள் எத்தனை எத்தனை ஸ்தாபனங்களில் இன்றும் சம்பளத்தை ஒரு நாள் இரண்டு நாள் காரணமின்றிப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கக் கூடும்! வீட்டைக் காலிசெய்து போகும்போதுதான் பரண்மேல் கிடப்பது கண்ணில் படும். அந்த ஒரு சந்தர்ப்பத்தையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டி வண்டியிலேற்றிவிடுவது எந்த விதத்தில் சிக்கனமாகும்?

சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்பவர்களுக்கு பிரிட்டன் தேசத்தின் அனுபவங்கள் இரண்டை முன்வைக்கிறேன். அங்கே டிஎஸ்பி என்ற வங்கி, தனது 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய உடைமையாளரான லாயிட்ஸ் வங்கியின் யந்திரங்களிலிருந்து தன் ஸ்பானிய உடைமையாளரான சபடெலின் தளத்துக்கு, 2018 ஏப்ரலில் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் பெயர்த்தது. கணக்குகள் பெயர்ந்துவிட்டன, ஆனால் கதவு திறக்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் பணத்தைத் தாங்களே பார்க்க முடியாமல் வெளியே நின்றார்கள். நிலைமை முழுதும் சீர்ப்பட அந்த வருஷம் டிசம்பராயிற்று. புதிய தளத்துக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தும், பளு தாங்குமா என்ற பரிசோதனையில் ஒன்றைத்தான் சோதித்தார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன். கம்ப்யூட்டர்ப் பிரிவின் தலைவராயிருந்தவர் தம் சொந்தப் பொறுப்பில் 81,620 பவுன் கட்ட நேர்ந்தது.

மற்றது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே பிசகியது ஷெட்யூலரேதான். ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து குழுமத்தில் இரவுப் பணிகளை ஓட்டிய மென்பொருளை 2012 ஜூன் 17 அன்று புதுப்பித்தார்கள். மறுநாளே கோணல்கள் தென்பட்டன. அதற்கடுத்த நாள், புதுப்பித்ததைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று தீர்மானித்தார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. புதியதில் ஓடிய கணக்குகளோடு பழைய பதிப்பு ஒத்துப்போகவில்லை. இரவுக் கோர்வை முழுவதும் சிக்கிக்கொள்ள, ஒரு நாளின் பணிகள் முடியுமுன் மறுநாளின் பணிகள் வந்து குவிய, 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அக்குழுமத்தைச் சேர்ந்த அல்ஸ்டர் வங்கியின் அயர்லாந்து வாடிக்கையாளர்கள் வாரக்கணக்கில் அவதிப்பட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, தவணை போகவில்லை, வீடு வாங்கியவர்களுக்குப் பத்திரம் முடியவில்லை. 2014 நவம்பரில் இரண்டு மேற்பார்வை ஸ்தாபனங்கள் சேர்ந்து விதித்த அபராதம் 5 கோடியே 60 லட்சம் பவுன். பிசகினால் பழையதற்குத் திரும்பிவிடலாமே என்று நம் நிர்வாகிகள் கூறும் ஆறுதல் மொழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. திரும்பும் பாதையை நடந்து பார்த்திராதவனுக்குத் திரும்பும் பாதை கிடையாது. போவதை மூன்று முறை ஒத்திகை பார்ப்பவர்கள் வருவதையும் ஒருமுறையேனும் முழுசாக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

நம் தேசத்திலும் சான்று உண்டு. எம்சிஎக்ஸ் என்ற பொருள் வணிகச் சந்தை, பலமுறை ஒத்திப்போட்டு 2023 அக்டோபர் 16 அன்று புதிய தளத்துக்கு மாறியது. மாறிய அன்று வியாபாரம் நடந்தது. நாலு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 13 அன்று, காலையில் தொடங்க வேண்டிய வியாபாரம் பகல் ஒரு மணிக்கே தொடங்கிற்று. முந்தைய நாளின் நாள்முடிவுப் பணிகள் உரிய நேரத்தில் முடியாததே காரணம். மாறிய வாரம் நன்றாக ஓடியதைக் கண்டு மாற்றம் வெற்றியென்று விழா எடுப்பது எவ்வளவு அவசரம் என்பதற்கு இதை நினைவில் வைக்கலாம்.

இதனால்தான் பழையதும் புதியதும் சேர்ந்தோடும் காலத்தை வாரக் கணக்கில் அளப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழையது கூலி கொடுக்கட்டும்; புதியது அதே விவரங்களை வைத்துக் கூலியைக் கணக்கிட்டு, கொடுக்காமல், தன் விடையைப் பழையதன் விடையோடு ஆளுக்கு ஆள், காசுக்குக் காசு ஒப்பிட்டுக் காட்டட்டும். ஒரு மாதம் இப்படி ஓட்டினால் பத்தாதா என்கிறார்கள். பத்தாது. மார்ச் 31 வருஷத்தில் ஒரு தரம்தான் வருகிறது. போனஸ் கணக்கு ஒரு தரம்தான் ஓடுகிறது. 1965-ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் வகுத்த 8.33 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்று தொழிற்சங்கங்களும் தோட்ட அதிபர்களும் பேசி முடிப்பது தீபாவளிக்குச் சற்று முன்னர்தான். முடிந்ததும் வருஷம் முழுவதற்கும் கணக்கிட்டுச் சில நாட்களில் பட்டுவாடா செய்தாக வேண்டும். வருஷத்தில் ஒரே ஒருமுறை, அதுவும் அவசரத்தில், ஓடும் ஒரு கோர்வையைத் தை மாதத்தில் நாலு வாரம் சோதித்துச் சரியென்று முடிவு கட்டியவர்கள், ஐப்பசியில் யார் வீட்டுத் தீபாவளியைப் பணயம் வைக்கிறார்கள்? ஒரு முழு வருஷச் சுற்றைப் புதியது கண்டாக வேண்டும். இரட்டைச் செலவு என்பது மெய்தான். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்காவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. கைமாற்றாகவும் வட்டியாகவும் லைன் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. எது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழைய ஆட்களைப் பற்றிய நிந்தனைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மிகுந்த மனத்தாங்கல். ஆனி ஆடியில் வால்பாறையில் பெய்யும் மழை எத்தகையது என்பதைச் சின்னக்கல்லாறுப் பக்கம் ஒரு வாரம் தங்கியவர்கள் அறிவார்கள். மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும், டெலிபோன் கம்பியும் செல்போன் கோபுரமும் ஊமையாகும். அந்த இரவில் ஒரு டிவிஷனின் எடைக் கோப்பு வந்து சேராது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இரவு வேலையிலிருக்கும் பழைய ஆபரேட்டர், கோப்பு வரவில்லை என்று கண்டதும் கோர்வையை நிறுத்திப் பிடிப்பார். மழை என்று அவருக்குத் தெரியும். எந்த எஸ்டேட் ரைட்டரைக் கூப்பிட்டால் வேறு வழியாகத் தகவல் வாங்கலாம் என்பதும், எத்தனை மணி வரை காத்தால் காலைக்குள் முடிக்கலாம் என்பதும் தெரியும். இதில் ஒரு வரியும் எந்தக் கையேட்டிலும் இல்லை. புதிய ஏற்பாட்டில் என்ன எழுதுகிறார்கள்? மூன்று முறை தேடு, கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போ. யந்திரம் அவ்வாறே போகிறது. காலையில் ஒரு டிவிஷன் முழுவதும், பெரட்டுக்கு வந்து நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்ற அத்தனை பேரும், வேலைக்கு வராதவர்கள் ஆகிவிடுகிறார்கள். ‘விட்டுவிட்டு மேலே போ’ என்று எழுதியவர் கெட்டவர் அல்லர், மழை தெரியாதவர். மழை தெரிந்தவரை மாறுதலுக்கு விரோதி என்று சொல்லி அறைக்கு வெளியே நிறுத்தியதே குற்றம்.

யந்திரமும் மனித அறிவும் எவ்விதம் சேர வேண்டும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிதேசம் போகவேண்டியதில்லை. இதே வால்பாறையில் இருக்கிறது. யானைகள் கடந்து செல்லும் இந்தப் பீடபூமியில், யானை நிற்பது தெரியாமல் அந்திக்கருக்கலில் எதிரே போய் மாட்டிக்கொண்டு உயிரிழந்தவர்கள் பலர். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் யானைகளின் நடமாட்டத்தையும் மனிதர்கள் இறந்த சந்தர்ப்பங்களையும் ஆராய்ந்து, பிறகே எச்சரிக்கை ஏற்பாட்டை அமைத்தார்கள். கேபிள் டிவியில் ஓடும் செய்தி, செல்போனுக்கு வரும் தகவல், எஸ்டேட் மேடுகளில் தூரத்திலிருந்தே தெரியும்படி நாட்டிய சிவப்பு விளக்குகள் ஆகியவை அதன் அங்கங்கள். அந்த விளக்கு தானாக எரிவதில்லை. யானை பக்கத்தில் நிற்பதை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தம் செல்போனிலிருந்து அழைத்தால் எரிகிறது. விளக்கைச் செய்தது யந்திர சாஸ்திரம். அதை எப்போது ஏற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை அந்த இடத்தை அறிந்தவர் கையிலேயே விட்டுவைத்தது விவேகம். உயிர்ச்சேதம் குறைந்தது. இந்த விவேகத்தில் பாதியையாவது நம் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்ப் பிரிவுகள் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஆட்குறைப்புச் செய்யலாம் என்ற ஆசையால் புதிய ஷெட்யூலரை வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லக்கூடியது சுருக்கமானது. ஆள் குறைந்தால் யார் குறைகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் குறைவது, எழுதப்படாததை அறிந்தவர்.

இந்த விஷயத்தில் நான் ஏன் இத்தனை கடுமையாகப் பேசுகிறேன் என்பதற்கு வால்பாறையின் சரித்திரமே காரணம். இத்தோட்டங்களுக்குச் சமவெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த காலத்தில், முன்பணமும் கூலியும் கழிவும் மேஸ்திரியின் நோட்டில் இருந்தன. தனக்கு எவ்வளவு சேர வேண்டும், எவ்வளவு கடன் நிற்கிறது என்பது ஆளுக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை, வருஷ முடிவில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வருஷமும் அங்கேயே கிடக்க வேண்டும். 1940களில் இந்த எஸ்டேட்டுகளில் டாக்டராயிருந்த பி.எச். டேனியல், தாம் கண்ட அந்த வாழ்க்கையை 1969-இல் ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியிருக்கிறார். தொழிற்சங்கங்கள் போராடி, 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, சம்பளச் சீட்டு கைக்கு வந்து, தன் கணக்கைத் தானே வாசித்துக் கேள்வி கேட்கும் உரிமை அந்த ஆளுக்கு மெல்ல மெல்லக் கிடைத்தது. யாராலும் விளக்கிச் சொல்ல முடியாத ஒரு ஜாப் கோர்வைக்குள் அந்தக் கணக்கை மறுபடியும் கொண்டுபோய் ஒளித்துவைத்தால், மேஸ்திரியின் நோட்டு வேறு உருவத்தில் திரும்பி வந்ததாகவே கொள்ள வேண்டும். இப்போது இங்கே கொழுந்து பறிக்கிறவர்களில் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். ஆபீஸ் வாசலில் நின்று கேட்கப் பாஷைகூட இல்லாதவர்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

ஆகவே, ஷெட்யூலர் மாற்றத்துக்குக் கையெழுத்திடும் அதிகாரம் படைத்த இயக்குநர்களை நான் வேண்டிக்கொள்வது இது. உங்கள் முன்னே வைக்கப்படும் அறிக்கையில் எத்தனை ஜாப்கள் மாற்றப்பட்டன என்ற எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். எத்தனை ஜாப்களுக்குக் காரணம் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். இரவு ஆபரேட்டரையும் எஸ்டேட் ரைட்டரையும் அந்த மேஜைக்கு முன்னால் உட்காரவையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில், கூலி எவ்வளவு என்பதோடு, அது எந்த வரிசையில் கணக்கிடப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்ச் மாதக் கணக்கையும் தீபாவளிப் போனஸையும் இரண்டு யந்திரங்களிலும் ஓட்டி, விடை காசுக்குக் காசு ஒத்திருக்கிறது என்று வால்பாறை ஆபீஸின் கணக்கர் கையெழுத்துப் போடும்வரை பழைய ஷெட்யூலரை அணைக்காதீர்கள்.